வீட்டிலேயே 'வேப்' திரவம் கலக்கும் பிரிட்டன்வாசிகள்: எப்படிக் கலக்குறாங்க? ஆபத்து எங்கே? முழு விளக்கம்

பிரிட்டனில் வேப் திரவம் ஒவ்வொரு 10 மில்லிக்கும் 2.20 பவுண்டு வரி. 2026 அக்டோபர் 1 முதல் இந்தப் புது வரி என்பது அந்நாட்டு அரசின் அறிவிப்பு. 100 மில்லி பாட்டில் ஒன்றுக்கு வரி மட்டுமே 22 பவுண்டு. அதன் மேல் 20% வாட் சேர்த்தால் 26 பவுண்டு 40 பென்ஸ்.

இந்த அறிவிப்பு வந்ததிலிருந்து, வேப் பிடிப்பவர்கள் பேச்சில் ஒரு பழைய வழக்கம் மறுபடி அடிபடுது. கடையில் வாங்காமல், சமையலறை மேசையிலேயே திரவத்தைக் கலந்துகொள்வது. ஆங்கிலத்தில் இதை 'டி.ஐ.ஒய் மிக்ஸிங்' என்கிறார்கள்.

இது நிஜமாவே சுலபமா? என்னென்ன சேர்க்கிறார்கள்? எங்கே தப்பு நடக்கும்? இந்தியாவில் இதைச் செய்யலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு எச்சரிக்கை

கடைசிக் கேள்விக்கு மட்டும் இங்கேயே பதில்: இந்தியாவில் செய்ய முடியாது. 2019-ம் ஆண்டு மின் சிகரெட் தடைச் சட்டப்படி தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, சேமிப்பு எல்லாமே குற்றம். விவரம் கட்டுரையின் பின்பகுதியில் இருக்கு. இங்கே சொல்லப்படும் செய்முறை, சட்டம் அனுமதிக்கும் பிரிட்டனில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்ற விளக்கம் மட்டுமே.

வேப் திரவத்தில் என்ன இருக்கு?

பார்க்கப் பெரிய ரசாயன ரகசியம் போலத் தெரியும். ஆனா உள்ளே இருப்பது நாலே பொருள்தான்.

1. புரொப்பிலீன் கிளைக்கால். சுருக்கமாக பி.ஜி. ஓரளவு மெலிதாக இருக்கும். வாசனையை நன்றாகத் தாங்கிப் பிடிக்கும். இழுக்கும்போது தொண்டையில் ஒரு 'சுருக்' உணர்வு தருவதில் இதற்கும் பங்கு உண்டு.

2. காய்கறி கிளிசரின், அதாவது வி.ஜி. பாகு மாதிரி கெட்டியாக, லேசான இனிப்போடு இருக்கும். வாய் நிறைய வெள்ளைப் புகை வருதே, அது பெரும்பாலும் இதனால்தான். உண்மையில் அது புகை இல்லை. சூட்டில் ஆவியாகி, காற்றில் மிதக்கும் நுண்துளிகள்.

3. சுவையூட்டி. ஸ்ட்ராபெரி, வெனிலா, புதினா, மாம்பழம் என ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. பெரும்பாலும் பி.ஜி-யில் கரைத்த அடர் திரவம்.

4. நிக்கோட்டின். இது விருப்பத்தைப் பொறுத்தது. நிக்கோட்டின் இல்லாமலும் கலக்கலாம். ஆளைப் போதைக்கு அடிமையாக்குவதும் இதுதான், கலக்கும்போது அதிக ஆபத்தானதும் இதுதான்.

பிரிட்டனில் இந்தப் பழக்கம் ஏன் பரவியது?

காசு ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம்.

2016-ல் வந்த புகையிலை தொடர்பான விதிமுறைகள் மூன்று கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன. நிக்கோட்டின் உள்ள திரவத்தை 10 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக் கூடாது. ஒரு மில்லியில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக் கூடாது. கருவியின் தொட்டி 2 மில்லிக்கு மேல் கொள்ளக் கூடாது.

நிக்கோட்டின் இல்லாத திரவத்துக்கு இந்தப் பாட்டில் அளவுக் கட்டுப்பாடு கிடையாது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 60 மில்லி பாட்டிலில் நிக்கோட்டின் இல்லாத 50 மில்லி திரவத்தை மட்டும் ஊற்றி விற்பது. கூடவே 18 மி.கி வலிமையுள்ள 10 மில்லி நிக்கோட்டின் குப்பி தனியாக. வாங்குபவர் வீட்டில் இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் குலுக்கினால் 60 மில்லி தயார். ஒரு மில்லியில் 3 மி.கி நிக்கோட்டின். இதற்கு 'ஷார்ட்ஃபில்' என்று பெயர்.

அதாவது, தங்களுக்கே தெரியாமல் பல பேர் ஏற்கெனவே 'கலக்க' ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த படி, நாலு பொருளையும் தனித்தனியாக வாங்கி முழுசாகவே கலப்பது.

2025 ஜூன் 1-ம் தேதி முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் வேப்களுக்கு பிரிட்டன் முழுவதும் தடை. அதனால் திரும்பத் திரும்ப நிரப்பும் கருவிக்கு மாறியவர்களுக்கு திரவத்தின் விலை தினசரிக் கணக்காகிவிட்டது. அதன் மேல்தான் இந்தப் புது வரி.

என்னென்ன சாமான் வேணும்?

அனுபவம் உள்ளவர்கள் வைத்திருப்பது இவ்வளவுதான்:

- 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு
- குழந்தைகள் திறக்க முடியாத மூடி போட்ட காலி பாட்டில்கள்
- நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி
- ஊசி இல்லாத சிரிஞ்சு அல்லது சொட்டுக் குழாய்
- பெயர், தேதி, வலிமை எழுத லேபிள்
- அளவுகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டு

பி.ஜி, வி.ஜி இரண்டுமே மருந்துத் தர முத்திரை உள்ளதாக இருக்கணும். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான கிளிசரின் கூடாது. விலை குறைவு என்று அதை வாங்குவது விஷப்பரீட்சை.

சமையலுக்கு வைத்திருக்கும் ஸ்பூன், கிண்ணம், அளவுக் குவளை எதையும் இதற்குத் தொடுவதில்லை என்பது இவர்களின் முதல் விதி. காரணம், நிக்கோட்டின்.

கணக்கு எப்படிப் போடுறாங்க?

இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ஆனா பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும்.

ஒரு உதாரணம். 30 மில்லி திரவம் வேணும். வலிமை ஒரு மில்லிக்கு 3 மி.கி. பி.ஜி-யும் வி.ஜி-யும் பாதிக்குப் பாதி. சுவையூட்டி 10%. கையில் இருப்பது 18 மி.கி நிக்கோட்டின் குப்பி, அதிலும் பி.ஜி, வி.ஜி பாதிக்குப் பாதி.

மொத்தம் தேவைப்படும் நிக்கோட்டின்: 30 × 3 = 90 மி.கி.
குப்பியிலிருந்து எடுக்க வேண்டியது: 90 ÷ 18 = 5 மில்லி.
சுவையூட்டி: 30-ல் 10%, அதாவது 3 மில்லி.
மீதி: 22 மில்லி.

அந்த 22-ஐ அப்படியே பாதியாகப் பிரித்தால் தப்பு. நிக்கோட்டின் குப்பியிலிருந்து ஏற்கெனவே 2.5 மில்லி பி.ஜி, 2.5 மில்லி வி.ஜி வந்துவிட்டது. சுவையூட்டியும் பி.ஜி-யில் கரைத்தது, அது ஒரு 3 மில்லி. ஆக, இன்னும் சேர்க்க வேண்டியது 9.5 மில்லி பி.ஜி, 12.5 மில்லி வி.ஜி. கூட்டிப் பாருங்க, சரியாக 30 வரும்.

சரி, மில்லி கணக்கு இருக்கும்போது தராசு எதுக்கு? வி.ஜி கெட்டியானது. சிரிஞ்சின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், குமிழி பிடிக்கும். எடை போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆனா ஒரு மில்லி என்பது ஒரு கிராம் இல்லை. ஒரு மில்லி வி.ஜி சுமார் 1.26 கிராம். பி.ஜி சுமார் 1.04 கிராம். அப்படியானால் மேலே சொன்ன 12.5 மில்லி வி.ஜி, தராசில் சுமார் 15.75 கிராம். இதை மறந்து 12.5 கிராமில் நிறுத்தினால் மொத்த அளவு குறையும், நிக்கோட்டின் வலிமை ஏறும்.

பாதிக்குப் பாதி கலவை சின்ன 'பாட்' கருவிகளுக்கு. பெரிய ஆவி விடும் கருவிகளுக்கு வி.ஜி 70%, பி.ஜி 30% என்று கூட்டிக்கொள்கிறார்கள். கெட்டியான திரவத்தைச் சின்னக் கருவியில் ஊற்றினால் பஞ்சு நனையாது, கருகல் வாடைதான் வரும்.

சுவை சேர்ப்பதில் என்ன சூட்சுமம்?

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, ஆறேழு சுவையை ஒரே பாட்டிலில் கொட்டுவது. நல்லா இல்லை என்றால் எது கெடுத்தது என்றே தெரியாது.

பழகியவர்கள் ஒரே ஒரு சுவையில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். அதுவும் 10 மில்லி சின்ன பாட்டிலில். ஸ்ட்ராபெரி மட்டும். பிடித்தால் அடுத்ததில் கொஞ்சம் வெனிலா. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

அமெரிக்காவின் கெப்பெல்லா, ஃப்ளேவர் அப்ரண்டிஸ், இத்தாலியின் ஃப்ளேவர் ஆர்ட் போன்ற நிறுவனங்களின் அடர் சுவைகள்தான் இந்த வட்டாரத்தில் அதிகம் பேசப்படுபவை. ஒரே 'ஸ்ட்ராபெரி' என்றாலும் ஒவ்வொரு நிறுவனத்தின் அடர்த்தியும் வேற. ஒன்றில் 2% போதும், இன்னொன்றில் 8% தேவைப்படும். அதனால் ஒருவரின் அளவை இன்னொரு நிறுவனத்தின் பாட்டிலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

அதிகம் ஊற்றினால் அதிகச் சுவை வரும் என்பதும் தப்புக் கணக்கு. ஒரு எல்லைக்கு மேல் சோப்பு, சென்ட் மாதிரி வாடை அடிக்கும். ஒரே சுவையை நாள் முழுக்க இழுத்தால் நாக்கும் மூக்கும் அதை உணர்வதையே நிறுத்திவிடும். 'சுவை போயிடுச்சே' என்று இன்னும் ஊற்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

கலந்தவுடன் குடித்தனம் சரியாக நடக்காது. பழச் சுவைகளுக்கு சில நாள், கஸ்டர்டு, கேக் மாதிரியான சுவைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் மூடி வைக்கிறார்கள். நம்ம வீட்டு ஊறுகாய் ஊறுவது மாதிரி. இந்தக் காலத்தில் நிறம் மஞ்சளாக மாறலாம். நிக்கோட்டின் காற்றுபட்டு நிறம் மாறுவதும், வெனிலின் போன்ற சுவைப் பொருட்களும்தான் காரணம்.

கேக் எசென்ஸ் ஊற்றலாமா?

கூடவே கூடாது. பலரும் கேட்கும் கேள்வி இது. அதிக ஆபத்தான யோசனையும் இதுதான்.

கேக்குக்குப் போடும் எசென்ஸ், ரோஸ் எசென்ஸ், நறுமண எண்ணெய், தைலம் எல்லாமே வயிற்றுக்கோ தோலுக்கோ செய்தவை. வயிறு எண்ணெயைச் செரித்துவிடும். நுரையீரலுக்கு அந்த வேலை தெரியாது. எண்ணெய்த் துளி உள்ளே போய்த் தங்கினால் ஒருவகை நிமோனியாவே வரலாம். பல எசென்ஸ்களில் சர்க்கரையும் நிறமியும் வேற இருக்கும். சூடாகும் கம்பிச்சுருளில் சர்க்கரை கருகும்.

எண்ணெய் எவ்வளவு மோசம் என்பதை 2019-ல் அமெரிக்கா பார்த்தது. திடீரென்று நாடு முழுக்க இளைஞர்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிப்பு, 68 பேர் மரணம். பெரும்பாலானவர்கள் கஞ்சாச் சத்து கலந்த வேப் பிடித்தவர்கள். அதைக் கெட்டியாகக் காட்ட கள்ளச்சந்தை ஆட்கள் கலந்த 'வைட்டமின் ஈ அசிடேட்' என்ற எண்ணெய்ப் பொருளோடு இந்த நோய்க்கு வலுவான தொடர்பு இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. வைட்டமின் ஈ மாத்திரையாகச் சாப்பிடும் பொருள்தானே? அதுதான் விஷயமே. சாப்பிடப் பாதுகாப்பானது எல்லாம் மூச்சில் இழுக்கப் பாதுகாப்பானது இல்லை.

'பாப்கார்ன் நுரையீரல்' வருமா?

2000-ம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த 8 பேருக்கு அரிய நுரையீரல் நோய் இருப்பது சுகாதாரத் துறையின் கவனத்துக்கு வந்தது. மூச்சுக் குழாயின் நுண்கிளைகள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய். வெண்ணெய் வாசனைக்காகச் சேர்த்த 'டைஅசிட்டைல்' ஆவியைத் தினமும் சுவாசித்ததுதான் காரணம் என்று விசாரணை காட்டியது. அப்படி வந்த பெயர்தான் பாப்கார்ன் நுரையீரல்.

பிரிட்டனில் 2016 முதல் வேப் திரவங்களில் டைஅசிட்டைலுக்குத் தடை. வேப் பிடித்ததால் இந்த நோய் வந்ததாக உறுதிசெய்யப்பட்ட சம்பவம் இல்லை என்கிறது கேன்சர் ரிசர்ச் யு.கே அமைப்பு.

ஆனா வீட்டில் கலப்பவருக்கு அந்தத் தடையின் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. உணவுத் தொழிலுக்காகச் செய்த கஸ்டர்டு, பட்டர் சுவையை யாரோ சில்லறையாக ஊற்றி விற்றால், அதில் என்ன இருக்கு என்று சோதித்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் சோதனை அறிக்கை தராத விற்பனையாளரிடம் வெண்ணெய்ச் சுவை வாங்காதீர்கள் என்று அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஒரு புள்ளி தப்பினால்?

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து இது.

பிரிட்டனில் கடையில் கிடைப்பது 20 மி.கி வரைதான். அமெரிக்காவில் வீட்டுக் கலவைக்காரர்களுக்கு ஒரு மில்லியில் 100 மி.கி அடர் நிக்கோட்டினே விற்கப்படுகிறது. அதை வைத்து மேலே சொன்ன அதே 30 மில்லியைக் கலக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தேவை 90 மி.கி. அதாவது வெறும் 0.9 மில்லி.

அவசரத்தில் புள்ளியைக் கவனிக்காமல் 9 மில்லி ஊற்றிவிட்டால்? 900 மி.கி. ஒரு மில்லிக்கு 30 மி.கி. நினைத்ததைவிட 10 மடங்கு. பிரிட்டனின் சட்ட வரம்பையே தாண்டியது. அதுவும் ஆவி அதிகம் விடும் கருவியில் இழுத்தால் நாலே இழுப்பில் தலைசுற்றல், குமட்டல், வியர்வை, படபடப்பு.

இன்னொரு கணக்கையும் பாருங்க. 100 மி.கி திரவம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, கீழே சிந்தினால் அதில் 500 மி.கி நிக்கோட்டின். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். கையுறை போடுவது அதற்காகத்தான்.

2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் பிளெயின் ஊரில் ஒரு வயதுக் குழந்தை திரவ நிக்கோட்டினை விழுங்கி உயிரிழந்தது. அதற்குப் பிறகு, 2016 ஜனவரியில், திரவ நிக்கோட்டின் பாட்டில்களுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்று அமெரிக்கா சட்டமே கொண்டுவந்தது.

பழ வாசனை, இனிப்பு, கலர் பாட்டில். ஒரு குழந்தைக்கு அது ஜூஸ் மாதிரிதானே தெரியும்?

விழுங்கிவிட்டால், சிந்திவிட்டால் என்ன செய்யணும்?

- தோலில் பட்டால் உடனே துணியைக் கழற்றிவிட்டு, நிறைய ஓடும் தண்ணீரில் கழுவணும்.
- கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, தொடர்ந்து தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போகணும்.
- விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே அவசர உதவியை அழைக்கணும். பிரிட்டனில் 999, இந்தியாவில் 108.
- பாட்டிலைக் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போகணும். லேபிளில் உள்ள வலிமை மருத்துவருக்கு உதவும். லேபிள் ஒட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாந்தி, முகம் வெளுப்பு, எச்சில் ஒழுகுதல், வியர்வை, வேகமான இதயத்துடிப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். நிலைமை முற்றினால் வலிப்பு வரலாம், மூச்சு தளரலாம். 'கொஞ்சம்தானே குடிச்சான், பார்த்துக்கலாம்' என்று காத்திருக்கக் கூடாது.

நண்பருக்கு ஒரு பாட்டில் விற்கலாமா?

பிரிட்டனில் சொந்தப் பயன்பாட்டுக்குக் கலப்பது வேற, விற்பது வேற. நிக்கோட்டின் உள்ள திரவத்தை விற்க வேண்டுமானால் மருந்துகள் ஒழுங்குமுறை அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ-விடம் முன்கூட்டியே பதிவு செய்து, பொருளின் விவரங்களைத் தரணும். வீட்டில் கலந்ததை அக்கம்பக்கத்தில் காசுக்குக் கொடுத்தால் அது சட்ட மீறல். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதும், அவர்களுக்காக வாங்கிக் கொடுப்பதும் குற்றம்.

இந்தியா, சிங்கப்பூரில் நிலை என்ன?

தமிழ்நாடு அரசு 2018-லேயே மின் சிகரெட்டுகளுக்குத் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் அதைச் சட்டமாக்கியது. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடைதான். 'முழுப் பொருளாகவோ, அதன் எந்தப் பகுதியாகவோ' என்று சட்டம் சொல்வதால், கருவி இல்லாமல் திரவம் மட்டும் செய்கிறேன் என்ற சாக்கை நம்பி இறங்க முடியாது.

தயாரிப்பு, விற்பனை, இறக்குமதிக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சேமித்து வைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். லண்டனிலிருந்து சென்னைக்கு வரும் உறவினர் பெட்டியில் பாட்டில் கொண்டுவருவதும் சிக்கல்தான்.

சிங்கப்பூரில் இன்னும் கடுமை. 2018 பிப்ரவரி முதல் வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது மூன்றுமே குற்றம். 2025 செப்டம்பர் முதல் தண்டனைகள் மேலும் கூட்டப்பட்டுள்ளன.

அப்போ, வேப் நல்லதா கெட்டதா?

இதில் நாடுகளுக்கிடையே கருத்து ஒன்றல்ல. சிகரெட்டைவிட வேப்பின் தீங்கு குறைவு, அதனால் சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு உதவும் என்பது பிரிட்டனின் நிலைப்பாடு. 2023-ல் 10 லட்சம் புகைப்பிடிப்பவர்களுக்கு வேப் கருவி தரும் திட்டத்தையே அறிவித்தது. இளைஞர்கள் புதிதாக அடிமையாவார்கள் என்பது இந்தியா தடைக்குச் சொன்ன முக்கியக் காரணம்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. சிகரெட் பிடிக்காதவர்களும் சிறுவர்களும் இதைத் தொடவே கூடாது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையே 'வேப் ஆபத்தில்லாதது அல்ல' என்றுதான் சொல்கிறது.

நினைவில் வைக்க வேண்டியவை

- வேப் திரவம் என்பது பி.ஜி, வி.ஜி, சுவையூட்டி, நிக்கோட்டின். இதைத் தாண்டி எதையும், முக்கியமாக எண்ணெயை, சேர்க்கக் கூடாது.
- சாப்பிடும் எசென்ஸ் வேற, சுவாசிக்கும் சுவை வேற.
- நிக்கோட்டின் கணக்கை ஊற்றும் முன் இரண்டு முறை சரிபார்க்கணும். ஒரு புள்ளி, 10 மடங்கு.
- பாட்டிலும் குப்பியும் பூட்டிய அலமாரியில், குழந்தைகள் கைக்கு எட்டாமல்.
- இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இது சட்டவிரோதம்.

ஒரு பாட்டிலில் சில பவுண்டு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களின் கவனம் போக வேண்டியது சுவையில் அல்ல. தராசின் புள்ளியிலும், அலமாரியின் பூட்டிலும்தான்.